எடை குறைந்தது, பாரம் பின்னே போனது: திம்பம் இறக்கத்தில் ஒரு குடும்ப டிரெய்லர் – நிகழ்வு ஆய்வு

## இந்தப் பதிவு

ஈரோடு மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறேன். திருச்செங்கோட்டைச் சேர்ந்த ஒரு குடும்பம் அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் தாளவாடி மலைக்கு டிரெய்லர் இழுத்துச் சென்று திரும்பும் வழியில் திம்பம் மலைப்பாதையில் பிரேக் இழந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. மறுவாரம் அந்த டிரெய்லரை எங்கள் பணிமனை முற்றத்துக்குக் கொண்டுவந்து, அன்று இருந்தபடியே பாரம் ஏற்றி அளந்து பார்த்தோம். அந்த அளவுகளையும், வண்டியில் இருந்த நால்வரிடம் தனித்தனியே கேட்டு எழுதியவற்றையும் சேர்த்து, குடும்பத்தாரின் சம்மதத்துடன் இதைப் பதிகிறேன். டிரெய்லர் கட்டப்பட்டபோதே அதை ஒரு முறை பார்த்தவன் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

## குடும்பமும் வண்டியும்

குடும்பத்தலைவருக்கு வயது 44. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரி செய்யும் லேத்தும் வெல்டிங் பட்டறையும் நடத்துகிறார். அவருடைய தந்தைக்கு 72 வயது. இளமையில் மாட்டு வண்டியில் நெல்லும் கரும்பும் ஏற்றியவர், பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். இவர்களுடன் தாய், மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் என ஆறு பேர்.

இழுத்த வண்டி ஏழு பேர் அமரும் டீசல் வண்டி. ஆட்களும் பைகளும் சேர்ந்து ஏறத்தாழ 2,350 கிலோ. டிரெய்லர் அவரே தம் பட்டறையில் கட்டியது: ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், பத்தடி நீளப் பெட்டி, மடக்குக் கட்டில்கள், பின்பக்கக் கதவு, அந்தக் கதவை ஒட்டி அடுப்புப் பெட்டி. அச்சுக்கு முன்னே தரையோடு பதித்த 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. வெற்று எடை 640 கிலோ. டிரெய்லருக்கெனத் தனிப் பதிவும் காப்பீடும் இருந்தன. தனி பிரேக் இல்லை.

வெல்டிங்கில் குறை சொல்ல ஏதுமில்லை. ரிக் வண்டிக்கு வேலை செய்த கை அது. ஆனால் ரிக்கில் எல்லாப் பாரமும் ஒரே சேஸிஸின் மேல் நிற்கிறது. எங்கே வைத்தாலும் நான்கு மூலைச் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். ஒற்றை அச்சு டிரெய்லர் தராசுக் கோல் போன்றது. அச்சுக்கு முன்னே வைத்த ஒவ்வொரு கிலோவும் இழுக்கும் வண்டியின் கொக்கியை அழுத்தும், பின்னே வைத்த ஒவ்வொன்றும் அதைத் தூக்கும். பட்டறையில் முதன்முறை அதைப் பார்த்த நான் அச்சின் தடிமனையும் பற்றவைப்பையும் கேட்டேனே தவிர, தொட்டி முன்னேயும் கதவு பின்னேயும் இருந்ததைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியைக் காலி செய்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

## வழி

சத்தியமங்கலத்தைத் தாண்டி பண்ணாரியில் தொடங்கும் காடு கொங்கு நாட்டின் வடகோடி. 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் பரந்து, பந்திப்பூர், பிலிகிரி ரங்கன் மலைக் காடுகளுடன் ஒட்டிக் கிடக்கிறது. கோவையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலை 948 இதன் நடுவே ஏறுகிறது. பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையில் மட்டும் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆசனூரும் காரப்பள்ளம் சோதனைச் சாவடியும் கடந்து கர்நாடக எல்லையைத் தொட்டுத் திரும்பினால் தாளவாடி. கோஸும் உருளையும் விளையும் குளிர்ந்த மேட்டுநிலம்.

2022 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. சரக்கு வாகனங்களுக்கு மாலை 6 மணியிலிருந்தும் மற்றவற்றுக்கு இரவு 9 மணியிலிருந்தும் காலை 6 மணி வரை அனுமதியில்லை. டிரெய்லர் இழுக்கும் சொந்த வண்டி இவற்றில் எதில் சேரும் என்று குடும்பத்தில் யாருக்கும் தெளிவில்லை. புறப்படும் முன்னரோ, போகும் வழியில் சாவடியிலோ கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேட்காததால், ஆறு மணிக்குள் பண்ணாரியை அடைந்தாக வேண்டும் என்று தாமே முடிவு செய்துகொண்டார்கள். திரும்பும் நாளில் நடந்த பலவற்றுக்கும் பின்னால் இந்த ஆறு மணி நிற்கிறது.

## ஏற்றம்

போகும் பயணத்தில் சொல்லத்தக்க சிக்கல் எதுவும் நேரவில்லை. அதிகாலை நாலரைக்குக் கிளம்பி, பண்ணாரி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, கோஸ் ஏற்றப் போகும் காலி லாரிகளுக்குப் பின்னே முதல் இரண்டு கியர்களிலேயே ஏறினார்கள். தொட்டி நிறையத் தண்ணீர். கொக்கியில் மாட்டும்போது குடும்பத்தலைவரும் அவர் தந்தையும் இருவராகச் சேர்ந்து தம் பிடித்துத்தான் முன்சட்டத்தைத் தூக்க முடிந்தது என்பதைத் தாய் நினைவில் வைத்திருந்தார். அன்று பாரம் இருந்த நிலையைப் பின்னர் அளந்ததில், மொத்தம் 1,000 கிலோவும் கொக்கியின் மேல் 115 கிலோவும் வந்தன. டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. யாரும் கணக்கிடாமலே, தொட்டி நிறைந்திருந்ததால் மட்டும், அது சரியாக அமைந்திருந்தது.

## தாளவாடியில்

மூன்று இரவுகள் தங்கியது மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் தோட்டத்தில். காப்பகத்துக்குள் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது என்பதை அறிந்து பட்டா நிலத்திலேயே வண்டியை நிறுத்தியது, இந்தப் பயணத்தில் நன்றாக யோசித்துச் செய்த காரியங்களில் ஒன்று. இரவில் யானை வராமல் காக்க வெட்டிய அகழிக்கு உட்புறம், வீட்டை ஒட்டி டிரெய்லர் நின்றது.

புறப்படும் நாளில் இரண்டு காரியங்கள் நடந்தன. இறக்கத்தில் எடை குறைவாக இருப்பது நல்லது என்று எண்ணிக் குடும்பத்தலைவர் தொட்டியைத் திறந்துவிட்டார். 200 கிலோ முன்பாரம் வாய்க்காலில் ஓடிப்போனது. அடுத்து, மைத்துனர் தலா 50 கிலோவாக இரண்டு மூட்டை உருளைக்கிழங்கும் ஒரு சாக்கு கோஸும் கொண்டுவந்து பின்கதவு வழியாக ஏற்றினார். வந்த உறவுக்காரரை வெறுங்கையாக அனுப்புவது அந்தப் பக்கம் வழக்கமில்லை; வேண்டாம் என்று சொல்லும் வாயும் யாருக்கும் இல்லை. கதவு பின்னே இருந்ததால் மூட்டைகள் கதவோரத்திலேயே தங்கின.

டிரெய்லரை மாட்டும் நேரம் வந்தது. மகள் விளையாட்டாகக் குனிந்து முன்சட்டத்தை ஒரு கையால் தூக்கிவிட்டாள். மூன்று நாள் முன்பு இரண்டு ஆண்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கிய சட்டம் அது. எல்லோரும் சிரித்தார்கள், எடை குறைந்துவிட்டது என்பதற்கு அதை அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஓரமாக நின்ற தந்தை மட்டும், “பின்பாரமாட்ட இருக்குது கண்ணு” என்றார். “இது மாட்டு வண்டி இல்லீங்கப்பா” என்று குடும்பத்தலைவர் சொல்ல, தந்தை மேற்கொண்டு பேசவில்லை.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால், வண்டியை நுகத்தோடு இணைக்கும் ஏர்க்கால் மேலே எழும்பி, நுகத்தில் பூட்டிய கயிறு மாட்டின் குரல்வளையைப் பிடிக்கும். மூட்டையை ஒரு முழம் முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ, ஏர்க்கால் கழுத்தில் மெல்ல உட்காரும்படி செய்த பிறகுதான் வண்டி நகரும். டிரெய்லரின் கொக்கி கேட்பதும் இதே உட்காரலைத்தான். மாட்டின் குரல்வளை இருந்த இடத்தில் இங்கே காரின் பின்சக்கரப் பிடிமானம் இருக்கிறது.

## புறப்பட்ட பிற்பகல்

ஒரு மணிக்குக் கிளம்ப இருந்தவர்கள், பந்தியில் உட்கார வைக்கப்பட்டு, மூன்றே காலுக்குத்தான் கிளம்பினார்கள். காரப்பள்ளத்துக்கும் ஆசனூருக்கும் இடையே கரும்பு லாரிகளை எதிர்பார்த்துச் சாலையோரம் நிற்கப் பழகிவிட்ட யானைகளைப் பற்றி அந்த வழியில் ஓட்டுபவர்கள் அனைவரும் அறிவார்கள். அன்றும் குட்டியுடன் ஒரு யானை நின்றதால், முன்னே சென்ற பேருந்தின் பின்னால் எஞ்சினை அணைத்து நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். ஒலிப்பானும் அடிக்கவில்லை, முந்தவும் முயலவில்லை. சரியான முடிவு, ஆனால் கையிலிருந்த நேரம் கரைந்தது.

ஆசனூர் தாண்டியதும் விட்ட நேரத்தைப் பிடிக்க வேகம் 60ஐத் தொட்டது. சிறு சரிவு ஒன்றில் டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கி, மூன்று நான்கு வீச்சில் காரின் பின்புறத்தையே அசைத்தது. ஓட்டியவர் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்; ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தார். வாலாட்டும்போது செய்ய வேண்டியதும் அதுதான். காரின் பிரேக்கை அழுத்தியிருந்தால் பின்னே வரும் பாரம் முன்னே தள்ளி, வீச்சு பெருகியிருக்கும். வேகம் நாற்பதுக்கு வந்ததும் ஆட்டம் அடங்கியது. காற்று அடித்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். சாலையோர மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை என்று மகன் பின்னர் என்னிடம் சொன்னான். அந்த நேரத்தில் அவனிடம் யாரும் கேட்கவில்லை.

## திம்பம்

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குத் திம்பத்தை அடைந்தார்கள். நின்று பார்க்க அங்கே இடம் இருந்தது, வாலாட்டம் என்ற காரணமும் இருந்தது. ஆறு மணி என்ற எண்ணம் நிற்கவிடவில்லை. என் கணிப்பில் இந்த நிகழ்வின் முதன்மைத் தவறு இது. பின்பாரம் தெரியாமல் நேர்ந்தது. திம்பத்தில் நிற்காதது தெரிந்தே செய்தது.

இறக்கத்தை மூன்றாம் கியரில் தொடங்கினார். மூன்றாம் கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் விசை போதாததால் ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் தேவைப்பட்டது. இரண்டு வளைவுகளுக்கு இடையிலும் கால் பெடலை விட்டு எழவில்லை. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாததால், கார் தன் எடைக்குச் செய்ய வேண்டிய வேலையோடு அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூடுதலாகவும் செய்தது. மேலிருந்து ஐந்தாவது வளைவில் மனைவிக்குக் கருகிய வாடை வந்தது. முன்னே செல்லும் லாரியின் வாடை என்று பதில் வந்தது; லாரி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

ஏழாவது வளைவை நெருங்கும்போது பெடல் பஞ்சுபோல் அமுங்கிப் பாதி ஆழம் வரை போனது. பிரேக் ஆயில் சூட்டில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்; திரவம் அழுந்தாது, ஆவி அழுந்திவிடும். இதே நேரத்தில் டிரெய்லர் பின்னிருந்து முன்னே தள்ள, காரின் பின்புறம் வெளிப்பக்கமாக ஒரு சாண் வழுக்கியது. அவர் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக் கொஞ்சம் பிடிப்பு பெற்று, இரண்டாம் கியருக்கும் உடனே முதல் கியருக்கும் இறக்கி, கைப்பிரேக்கைப் படிப்படியாக இழுத்து, இடப்புறம் மலைச்சரிவு இருந்த அகன்ற இடத்தில் சக்கரத்தை ஓரக் கால்வாய் விளிம்பில் உரசவிட்டு நிறுத்தினார். வண்டி முழுதாக நிற்கும் முன்பே தந்தை கதவைத் திறந்து இறங்கி, கால்வாய்க் கரையில் கிடந்த கல்லைத் தூக்கி முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். லாரியில் கிளீனராகத் தொடங்கியவர் அவர். கட்டை போடும் பழக்கம் ஐம்பது ஆண்டு கழித்தும் கையை விட்டுப் போகவில்லை.

## வளைவில் நின்ற நேரம்

நின்ற பிறகு எடுத்த முடிவுகள், நிற்பதற்கு முன் எடுத்தவற்றைக் காட்டிலும் தெளிவாக இருந்தன. பெரும்பாலும் அவை தந்தையின் முடிவுகள்.

பெண்களையும் குழந்தைகளையும் வண்டிக்கு உள்ளேயே வைத்தார்கள். அது சிறுத்தையும் யானையும் நடமாடும் பாதை. முக்கோண எச்சரிக்கைப் பலகையை மேல்புறம் முப்பது அடி தள்ளி வைத்தார்கள். வளைவுக்கு அப்பால், மேலிருந்து இறங்குபவருக்குத் தெரியும் இடத்தில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. கீழிருந்து வந்த வேன் ஓட்டுநர் ஒருவர் உதவும் எண்ணத்தில் நின்று, குடத்தில் தண்ணீர் இருக்கிறது, சக்கரத்தில் ஊற்றலாமா என்று கேட்டார். தந்தை கையை நீட்டித் தடுத்தார். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளலாம், வெடிப்பும் விடலாம். தானே ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் விட்டார்கள்.

டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு மறுநாள் வந்து எடுக்கலாமா என்றும் பேசினார்கள். சாலையின் அகலம் அதற்கு இடம் தரவில்லை. உள்ளே 140 கிலோ உருளையும் கோஸும் இருக்க, இரவில் அதைக் காட்டுச் சாலையில் விடுவது யானைக்குப் பந்தி விரிப்பதாகும். கைவிட்டார்கள்.

மீதமிருந்தது பாரத்தை மாற்றுவது. தந்தை டிரெய்லருக்குள் ஏறி, மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, காலித் தொட்டியின் மேல் பலகையில் அடுக்கச் சொன்னார். கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, பத்து நிமிடத்தில் முடித்து மூடினார்கள். முடிந்ததும் காரின் பின்புறத்தைக் கையால் அழுத்திப் பார்த்து, இப்போது உட்கார்ந்துவிட்டது என்றாராம்.

ஆறு மணிக்குச் சற்று முன் வனத்துறை ரோந்து வண்டி வந்தது. இவர்கள் அஞ்சிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. சொந்த வண்டிக்கு ஒன்பது மணி வரை நேரமிருக்கிறது, அவசரப்படாமல் முதல் கியரில் இறங்குங்கள் என்று சொல்லி, பின்னாலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெடல் மீண்டும் கெட்டியாகிவிட்டதை நின்ற இடத்திலேயே சோதித்துக்கொண்டு, மீதி இருபது வளைவுகளையும் நடை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இறங்கி, ஏழு இருபதுக்குப் பண்ணாரி வந்தார்கள். வாலாட்டம் திரும்பவில்லை, அந்த வேகத்தில் திரும்பாதது பாரம் மாற்றியதற்குச் சான்றாகாது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

## அளந்தபோது தெரிந்தவை

எங்கள் முற்றத்தில் அதே இடங்களில் மணல் மூட்டை வைத்து, முன்சட்டத்தின் கீழ் மரக்கட்டையும் அதன் கீழ் எடைபார்க்கும் கருவியும் வைத்து அளந்தோம். திரும்பும் பயணத்தில் டிரெய்லரின் மொத்த எடை 940 கிலோ, அதாவது போனபோது இருந்ததைவிட 60 கிலோ குறைவு. கொக்கியின் மேல் பாரம் 3 கிலோ. போனபோது அங்கே 115 இருந்தது. மூட்டைகளை வளைவில் முன்னே நகர்த்திய பிறகு, எடையில் ஒரு கிலோவும் கூடாமல், அது 95 ஆகியிருக்கிறது. தராசு ஏதுமின்றி இருட்டும் வேளையில் ஒரு முதியவர் கையால் பார்த்து வைத்தது, சொல்லப்படும் கணக்குக்குச் சரியாக வந்து நின்றதைக் கண்டு என் மாணவர்கள் மறுபடியும் ஒரு முறை அளந்தார்கள்.

பிரேக் ஆயிலை மூன்று ஆண்டாக மாற்றவில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. முன்சக்கர பிரேக் கட்டைகளின் முகம் கண்ணாடிபோல் மினுமினுத்தது. பாதுகாப்புச் சங்கிலியின் ஒரு கண்ணி தார்ச்சாலையில் உரசிப் பாதியாகத் தேய்ந்திருந்தது. அதை யாரும் பயணத்தில் கவனிக்கவில்லை.

## மாற்றியவை

கதவு இப்போது இடப்பக்கம், அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. தொட்டியை அச்சின் மேல் நகர்த்தியதால், நிறைந்தாலும் காலியானாலும் கொக்கிப் பாரம் பெரிதாக மாறுவதில்லை. முன்சட்டத்தில் பாரம் குறைந்துவிடாமலிருக்க அடுப்புப் பெட்டியும் மாற்றுச் சக்கரமும் முன்னே வந்துவிட்டன. டிரெய்லர் காரைத் தள்ளும் விசையாலேயே இயங்கும் தனி பிரேக் பொருத்தியிருக்கிறார். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதாகத் தேதி எழுதி வண்டிக்குள் ஒட்டியிருக்கிறார். மாட்டும் முன் முன்சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் வேலை தந்தைக்கு. ஏறின கியரிலேயே இறங்குவது, மலைப்பாதையை முற்பகலில் கடப்பது என்ற இரண்டையும் லாரிக்காரர்களின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

கோடை விடுமுறையில் மறுபடியும் தாளவாடி போனார்கள். இந்த முறை மைத்துனர் நான்கு மூட்டை எடுத்து வைத்திருந்தார். ஒன்றை மட்டும் தொட்டிக்கு முன்னே ஏற்றிக்கொண்டு, மற்ற மூன்றையும் சத்தியமங்கலம் மண்டிக்குப் போகும் கோஸ் லாரியில் போட்டுவிட்டார்கள். காலை பத்து மணிக்குத் திம்பத்தில் நிறுத்தி, டீ குடித்து, கொக்கியையும் சங்கிலியையும் பார்த்துவிட்டு, இரண்டாம் கியரில் இறங்கியிருக்கிறார்கள். பண்ணாரியில் இறங்கியதும் முன்சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோனபோது சூடு தெரிந்ததாகவும், வாடை ஏதும் இல்லை என்றும் மனைவி எனக்குத் தகவல் அனுப்பியிருந்தார்.